ஒரு பெயர், இரண்டு உரிமை: களப்பெயர் வழக்குகளின் வரலாறு

'முரசு' என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். 1935ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய இதழ் 'தமிழ் முரசு'. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் மென்பொருள் 'முரசு அஞ்சல்'. இரண்டும் ஒரே சொல்லைத் தாங்கியவை. எனினும் நாளிதழ் வாங்கச் சென்ற எவரும் தவறுதலாக மென்பொருளை வாங்கி வந்ததில்லை. பெயர் ஒன்றாயினும் தொழில் வேறு, இடம் வேறு என்பதை மக்கள் எளிதாக அறிந்துகொள்கின்றனர்.

வணிகக் குறி பற்றிய சட்டமும் இந்த உலகியல் அறிவின்மீதே நிற்கிறது. ஒரு குறியைப் பதிவு செய்பவர் அதனை இன்ன நாட்டில், இன்ன வகைப் பொருளுக்கு அல்லது சேவைக்கு எனக் குறிப்பிட்டே பதிவு செய்கிறார். 1957ஆம் ஆண்டின் நீஸ் உடன்படிக்கையை ஒட்டி அமைந்த பட்டியல் இன்று பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஆகவே ஒரே பெயரைப் பல நாடுகளில், பல தொழில்களில், பலர் முறையாகக் கொண்டிருக்கலாம். இணையத்திலோ நிலைமை முற்றிலும் வேறு. 'டாட் காம்' என்னும் ஈற்றுடன் ஒரு பெயர் உலகில் ஒருவருக்கே கிட்டும். பலருக்கு இடம்தரும் சட்டமும் ஒருவருக்கே இடம்தரும் தொழில்நுட்பமும் மோதியதன் வரலாற்றையே இவ்வுரையில் காண இருக்கிறோம்.

எண்களுக்குப் பெயர் வந்த கதை

இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் எண்களால் ஆன முகவரி உண்டு. எண்களை நினைவிற்கொள்வது கடினம் என்பதால் தொடக்கத்திலேயே பெயர்கள் சூட்டப்பட்டன. அப்பெயர்கள் அனைத்தும் கலிபோர்னியாவிலிருந்த ஓர் ஆய்வு நிறுவனம் பேணிய ஒரே கோப்பில் எழுதப்பட்டன; மற்றவர்கள் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகியபோது ஒற்றைக் கோப்பு அந்தச் சுமையைத் தாங்கவில்லை. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் பெயர்களைப் படிநிலைகளாகப் பகுத்து ஆளும் முறையை வகுத்தார். அதுவே இன்றுள்ள களப்பெயர் முறை. 1985 மார்ச் 15ஆம் நாள், சிம்பாலிக்ஸ் என்னும் கணினி நிறுவனம் முதல் 'டாட் காம்' பெயரைப் பதிவு செய்தது.

அன்றைய இணையம் ஆய்வாளர்களின் உலகம். பெயர் வேண்டியவர் கேட்டார், பெற்றார். கட்டணம் இல்லை, வணிகக் குறி உண்டா என்று எவரும் வினவவும் இல்லை. 'முந்தியவருக்கே முதலிடம்' என்பதே விதி. 1994 மார்ச்சில் ஜான் போஸ்டல் வெளியிட்ட ஆவணம் இக்கருத்தைத் தெளிவாக வரைந்தது. ஒரு பெயரைப் பதிவு செய்வதால் வணிகக் குறி உரிமை எதுவும் வந்துவிடாது. பெயர் பிறர் உரிமையை மீறாமல் பார்த்துக்கொள்வது கேட்பவரின் பொறுப்பு. பூசல் எழுந்தால், இரு தரப்பாரின் தொடர்பு விவரங்களைத் தருவதற்கு அப்பால் பதிவகத்துக்குப் பங்கில்லை. ஆய்வுலகுக்கு இவ்விதி போதுமானதாக இருந்தது. ஆனால் அவ்வாண்டிலேயே வணிகர்கள் இணையத்தின் வாயிலுக்கு வந்துவிட்டனர்.

வணிகர் வந்தபோது

1994 அக்டோபரில் 'வயர்டு' இதழில் ஜோசுவா குவிட்னர் என்னும் செய்தியாளர் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பெருநிறுவனங்கள் பல தங்கள் பெயரைக்கூட இணையத்தில் பதிவு செய்யவில்லை என்பதைக் காட்ட, 'மெக்டொனால்ட்ஸ்.காம்' என்னும் பெயரை அவரே தம் பேரில் பதிவு செய்துகொண்டார். பிறகு அப்பெயரைத் திருப்பித் தந்தார். அதற்கு ஈடாக அந்நிறுவனம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பள்ளி ஒன்றின் கணினி வசதிக்காக 3,500 டாலர் வழங்கியது. இது நல்ல முடிவு எனலாம். ஆயினும் இச்செய்தி பலருக்கு வேறொரு பாடத்தையும் கற்பித்தது: பிறர் பெயரை முன்னதாகப் பிடித்து வைத்தால் பணம் பார்க்கலாம்.

பூசல்கள் பெருகவே, பதிவுப் பணியை நடத்திய நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் 1995 ஜூலையில் புதிய கொள்கை ஒன்றை அறிவித்தது. ஒருவர் தம் வணிகக் குறிச் சான்றிதழைக் காட்டி முறையிட்டால், அதே பெயரைக் கொண்ட களப்பெயரை அந்நிறுவனம் முடக்கி வைக்கலாம். இக்கொள்கை பேராசைக்காரரை மட்டும் தாக்கவில்லை. நியூ மெக்சிகோ மாநிலத்தின் சிறிய இணையச் சேவை நிறுவனம் ஒன்று 'ரோட்ரன்னர்' என்னும் பெயரை வைத்திருந்தது. அது அம்மாநிலப் பறவையின் பெயர். அதே பெயருடைய கேலிச்சித்திரப் பாத்திரத்துக்கு உரிமை கொண்ட வார்னர் பிரதர்ஸ் முறையிட்டது. பெயர் முடங்கும் நிலை வந்ததால், 1996ஆம் ஆண்டில் சிறிய நிறுவனம் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. முந்தியவருக்கே எல்லாம் என்னும் விதி ஒரு பக்கம் சாய்ந்ததென்றால், சான்றிதழ் உடையவருக்கே எல்லாம் என்னும் விதி மறுபக்கம் சாய்ந்தது.

நீதிமன்றங்கள் கண்ட வழி

இக்காலத்தின் இரண்டு தீர்ப்புகள் அடுத்து வந்தவற்றுக்கு வழிகாட்டின.

முதலாவது, அமெரிக்காவின் பனாவிஷன் வழக்கு. டென்னிஸ் டோப்பன் என்பவர் புகழ்பெற்ற நிறுவனப் பெயர்கள் பலவற்றைப் பதிவு செய்திருந்தார். திரைப்படக் கருவி நிறுவனமான பனாவிஷனின் பெயரில் அவர் திறந்த பக்கத்தில் இலினாய் மாநிலத்திலுள்ள பானா என்னும் சிற்றூரின் படங்களே இருந்தன. பெயரை விட்டுக்கொடுக்க 13,000 டாலர் கேட்டார். 1998ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், குறியின் உரிமையாளருக்கே பெயரை விற்க முனைவது வணிகப் பயன்பாடே என்று கூறி, பனாவிஷனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, இங்கிலாந்தின் 'ஒன் இன் எ மில்லியன்' வழக்கு. மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர், பிரிட்டிஷ் டெலிகாம் முதலிய நிறுவனங்களின் பெயர்களை ஒரு சிறு நிறுவனத்தார் பதிவு செய்து வைத்திருந்தனர். பர்கர் கிங் பெயரை 25,000 பவுண்டுக்குத் தருவதாக அவர்கள் எழுதிய கடிதமும் நீதிமன்றத்தின் முன் வந்தது. அவர்கள் அப்பெயர்களில் எந்தப் பொருளையும் விற்கவில்லை. எனினும் இத்தகைய பெயரைக் கையில் வைத்திருப்பதே ஏமாற்றுக்கான கருவியை வைத்திருப்பதாகும் என 1998ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. தம் சரக்கைப் பிறர் சரக்கென நம்பவைப்பதைத் தடுக்கும் பழைய பொதுச்சட்டக் கோட்பாடு இவ்வாறு புதிய களத்துக்கு வந்து சேர்ந்தது.

இங்கிலாந்துப் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இக்கோட்பாடு விரைந்து வேரூன்றியது. 2003ஆம் ஆண்டில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் பெட்ரோனாஸ் பெயரை உள்ளடக்கிய களப்பெயர்கள் தொடர்பான வழக்கில் தடையாணை வழங்கியது. 2004ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில், களப்பெயருக்கும் வணிகக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று இந்திய உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஒரு பொது நடைமுறை

நீதிமன்றங்களுக்கு எல்லை உண்டு, இணையத்துக்கு இல்லை. பதிவு செய்தவர் ஒரு நாட்டிலும் பதிவகம் வேறொரு நாட்டிலும் குறியின் உரிமையாளர் மூன்றாம் நாட்டிலும் இருந்தால் வழக்கை எங்கே தொடுப்பது? 1998ஆம் ஆண்டில் அமைந்த ஐகான் என்னும் பெயராள்கை அமைப்பு, உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பரிந்துரையை ஏற்று, 1999ஆம் ஆண்டில் ஒரு பொதுக் கொள்கையை நிறைவேற்றியது. பெயர் பதிவு செய்யும் ஒவ்வொருவரும் ஒப்பந்தத்திலேயே அதற்கு உடன்படுகின்றனர்.

அக்கொள்கையின்படி முறையிடுபவர் மூன்றையும் மெய்ப்பிக்க வேண்டும்: களப்பெயர் தம் குறியோடு ஒன்றாகவோ குழப்பம் தருமளவு ஒத்ததாகவோ இருத்தல், பதிவு செய்தவருக்கு அப்பெயரில் முறையான உரிமை இல்லாமை, தீயநோக்குடன் பதிவு செய்து தீயநோக்குடன் பயன்படுத்துதல். முதல் முறையீடு மல்யுத்த நிறுவனம் ஒன்றால் 1999 டிசம்பர் 2ஆம் நாள் அளிக்கப்பட்டது. 2000 ஜனவரி 14ஆம் நாள் தீர்ந்தது. ஆண்டுக்கணக்கில் நீண்ட வழக்குகளுக்குப் பழகியவர்களுக்கு ஆறு வாரம் என்பது வியப்பளித்தது.

எல்லா முறையீடுகளும் வென்றுவிடவில்லை. 2000ஆம் ஆண்டில் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் தம் பெயரை மீட்டார். அதே ஆண்டில் பாடகர் ஸ்டிங் தோற்றார். 'ஸ்டிங்' என்பது கொட்டுதலைக் குறிக்கும் பொதுவான ஆங்கிலச் சொல். எதிர்த்தரப்பின் தீயநோக்கும் மெய்ப்பிக்கப்படவில்லை. அகராதிச் சொல்லை ஒருவர் புகழ் முழுமையாக விழுங்கிவிட முடியாது என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

இந்நடைமுறைக்குக் குறைகளும் உண்டு. விசாரிக்கும் அமைப்பை முறையிடுபவரே தேர்ந்தெடுக்கிறார். பிறர் பெயரைப் பறிக்கவே பொய்யாக முறையிட்டவர் என்று நடுவர் கண்டறிந்தாலும், அதனைத் தீர்ப்பில் எழுதலாமேயன்றித் தண்டம் விதிக்க இயலாது.

சொந்தப் பெயரே வழக்கானபோது

தீயநோக்கு உடையவரை அடையாளம் காண்பது எளிது. இருவரும் நேர்மையாளராக இருந்தால் என்ன செய்வது? யூசி நிசான் என்பவர் எருசலேமில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். நிசான் அவர் குடும்பப் பெயர். எபிரேய நாட்காட்டியில் ஒரு மாதத்தின் பெயரும் அதுவே. 1980ஆம் ஆண்டிலேயே அவர் தம் தொழிலுக்கு அப்பெயரைச் சூட்டினார்; அக்காலத்தில் ஜப்பானிய நிறுவனம் அமெரிக்காவில் தன் கார்களை 'டாட்சன்' என்னும் பெயரில் விற்று வந்தது. 1994ஆம் ஆண்டில் அவர் தம் கணினித் தொழிலுக்காக 'நிசான்.காம்' பெயரைப் பதிவு செய்தார். 1999ஆம் ஆண்டு இறுதியில் கார் நிறுவனம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது.

2004ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவழி கண்டது: அத்தளத்தில் கார் தொடர்பான விளம்பரங்கள் வெளியிட்டது உரிமை மீறல், ஆனால் கார் நிறுவனத்தைக் குறைகூறிப் பேச அவருக்கு விதித்த தடை பேச்சுரிமைக்கு மாறானது. வழக்குச் செலவும் உழைப்பும் அவரை வாட்டின. எனினும் 2020ஆம் ஆண்டில் மறையும்வரை அவர் தம் பெயரைக் கைவிடவில்லை. சட்டம் அவருக்குப் பெயரை விட்டுவைத்தது. அதனால் ஈட்டியிருக்கக்கூடிய வாழ்க்கையை விட்டுவைக்கவில்லை.

நம் வட்டாரமும் நம் எழுத்தும்

மலேசியாவின் 'டாட் மை' பெயர்களுக்கும் சிங்கப்பூரின் 'டாட் எஸ்ஜி' பெயர்களுக்கும் தனித்தனிக் கொள்கைகள் உள்ளன. மலேசியக் கொள்கை உலகக் கொள்கையைவிடக் கண்டிப்பானது. பதிவிலோ பயன்பாட்டிலோ ஏதேனும் ஒன்றில் தீயநோக்கு இருந்தாலே போதும் என்கிறது. சிங்கப்பூர்க் கொள்கையோ, இரு தரப்பாரும் இசைந்தால் சமரசப் பேச்சுக்கும் இடமளிக்கிறது.

தமிழ் பயில்வோர்க்கு இவற்றினும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலமல்லாத எழுத்துகளில் களப்பெயர் அமைக்கும் ஆய்வைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் தின் வீயும் அவர் குழுவினரும் 1998ஆம் ஆண்டளவில் முன்னெடுத்தனர். 2011ஆம் ஆண்டில் '.சிங்கப்பூர்' என்னும் தமிழ் ஈறே இணையத்தில் இடம்பெற்றது. எழுத்து வந்தால் பூசலும் வரும். ரோமன் எழுத்தில் பதிவான குறியின் ஒலிபெயர்ப்பும் 'குழப்பம் தரும் ஒப்புமை' ஆகலாம். மலர், சுடர், முரசு முதலிய அகராதிச் சொற்களை எவர் கொள்வது? இவ்வினாக்களுக்கு விடை காண்பவர் தமிழ் அறிந்தவராக இருத்தல் வேண்டும். உலகக் கொள்கையின்படி, பொதுவாகப் பதிவு ஒப்பந்தம் எம்மொழியில் உள்ளதோ அம்மொழியிலேயே விசாரணை நடைபெறும் என்பதை நாம் மறத்தலாகாது.

பள்ளிகளும் தமிழ்ச் சங்கங்களும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க பாடங்கள் எளியவை. பெயரை உதவிக்கு வந்த தொண்டர் பேரில் பதியாமல் அமைப்பின் பேரிலேயே பதிவோம். ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிப்போம். அப்பெயரை எந்நாள் முதல் வழங்குகிறோம் என்பதைக் காட்டும் மலர்களையும் அழைப்பிதழ்களையும் பேணுவோம். முறையீடு வந்தால் 20 நாளுக்குள் மறுமொழி தருவோம்; விடை தராதவர் தம் சான்றுகளை நடுவர் முன் வைக்கும் வாய்ப்பையே இழக்கின்றனர். நம்மிடம் பெருநிறுவனத்தின் செல்வம் இல்லாதிருக்கலாம். நம் பெயர் நம்முடையதே என்று காட்டும் ஏடுகள் நம் அலமாரியில் இருந்தால் போதும்.