ஒற்றியூர் மகிழடி முதல் காசிமேட்டுக் கடற்கரை வரை: வடசென்னைக் கரையோரத்தின் வேனில் விழாக்களும் கலை நிகழ்வுகளும்

ஆய்வுச் சுருக்கம்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொடரும் வடசென்னைக் கடற்கரைப் பகுதி துறைமுகம், தொழிற்சாலை, மீன்பிடித்தொழில் ஆகியவற்றின் வழியாகவே பெரிதும் அறியப்படுகிறது. மாசி முதல் சித்திரை வரையிலான காலத்தில் இப்பகுதியில் நிகழ்ந்துவரும் கலை, இலக்கியக் கூடுகைகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவொற்றியூர்க் கல்வெட்டு, பெரியபுராணத்துச் சுந்தரர் வரலாறு, மீனவர் குடியிருப்புகளின் மாசி விழாக்கள் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கதை நிகழ்ந்த இடத்திலேயே அக்கதையை ஆண்டுதோறும் கேட்பது இவ்விழாக்களின் பொது இயல்பு என்பதும், கடலரிப்பு அவ்விடத்தையே குறைத்துவருகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: திருவொற்றியூர், காசிமேடு, பங்குனி உத்திரம், மாசி மகம், மகிழடி சேவை, மயானக் கொள்ளை, கடலரிப்பு.

1. முன்னுரை

தமிழ் இலக்கண மரபு மாசி, பங்குனி ஆகிய திங்கள்களைப் பின்பனிக்கும், சித்திரை, வைகாசி ஆகியவற்றை இளவேனிலுக்கும் உரியனவாகப் பகுக்கிறது. ஆயின் விழா வழக்கு இவ்வரையறைக்குள் முழுமையாக அடங்குவதில்லை. பனி நீங்கித் தென்றல் தொடங்கும் மாசியின் பிற்பகுதியிலேயே ஊர்கள் விழாக்கோலம் பூணுகின்றன. இறையனார் அகப்பொருள் உரை பழைய நகர்களின் பெருவிழாக்களைக் குறிப்பிடும்போது உறையூர்ப் பங்குனி உத்திரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. எனவே மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரை விழாக்கள் ஆகியவற்றை ஒரே தொடராகக் கொண்டு 'வேனில் விழாக்கள்' என இக்கட்டுரை வழங்குகிறது.

வடசென்னை பற்றிய ஆய்வுகளில் கோயில் வரலாறு கல்வெட்டியலுக்கும், உழைக்கும் மக்களின் கலைகள் நாட்டார் வழக்காற்றியலுக்கும் உரியனவாகப் பிரித்து நோக்கப்படுகின்றன. திருவொற்றியூர்க் கோயிலுக்கும் காசிமேட்டிற்கும் இடைப்பட்ட தொலைவு சில கிலோமீட்டர் மட்டுமே. இரண்டையும் ஒரே கடற்கரையின் வரலாறாக வாசிக்கும்போது புலப்படுவன யாவை என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

2. கல்லில் பதிந்த ஓர் அவை

இரண்டாம் இராசாதிராசனின் 9ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவொற்றியூர்க் கல்வெட்டு, பங்குனி உத்திரத் திருநாளில் இராசராசன் திருமண்டபத்தில் கூடிய ஓர் அவையைப் பதிவு செய்கிறது. காலம் 1170களின் தொடக்கம். இறைவன் திருமகிழின் கீழ் எழுந்தருளியிருக்க, 'ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம்', அதாவது சுந்தரர் வரலாறு, அங்கு ஓதப்பட்டது. அரசனுடன் மடத்தின் தலைவரான சதுரானன பண்டிதரும், சோமசித்தாந்தம் உரைத்த வாகீசுவர பண்டிதரும் அவ்வவையில் இருந்தனர்.

இவ்வவை திடீரெனத் தோன்றியதன்று. 949ஆம் ஆண்டுத் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டபின், அவனுடைய தோழராயிருந்த கேரள நாட்டவர் ஒருவர் துறவு பூண்டு சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் திருவொற்றியூர் மடத்திற்குத் தலைவரானார். அப்பெயர் அவருக்குப் பின் வந்த தலைவர்களுக்கும் வழங்கியது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இக்கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கெனத் தனி மண்டபமே இருந்தது. பாணினியின் இலக்கணம் அங்குப் பாடமாயிற்று. ஆகவே பங்குனி அவை, ஆண்டு முழுவதும் இயங்கிய கல்விச் சூழல் ஊர்மக்கள் முன் வெளிப்பட்ட நாளாகும்.

கல்வெட்டின் நோக்கத்தையும் கருதுதல் வேண்டும். ஸ்ரீபுராணம் ஓதியவரைப் போற்றும் பொருட்டு அது வெட்டப்படவில்லை. அரசன் முன்னிலையில் நிகழ்ந்ததாலேயே அவ்வாண்டின் ஓதல் கல்லேறியது. அரசன் வராத ஆண்டுகளிலும் விழா நிகழ்ந்திருக்கும். மகிழின் கீழ் மக்களும் கூடியிருப்பர். அவ்வாண்டுகள் எழுத்தில் இல்லை. விழா வரலாற்றின் சான்றுகள் விழாவின் வாழ்வைக் காட்டிலும் அதிகாரத்தின் வருகையையே மிகுதியாகக் காட்டுகின்றன என்பதற்கு இக்கல்வெட்டு தக்க எடுத்துக்காட்டு.

3. வேனில் விழாவால் முறிந்த சூள்

அன்று ஓதப்பட்ட ஸ்ரீபுராணம் சேக்கிழாரின் பெரியபுராணத்துச் சுந்தரர் பகுதியா, வேறொரு நூலா என்பதைக் கல்வெட்டின் சொற்களைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் இயலாது. எனினும் பெரியபுராணம் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தது என்பதால், அக்கதை அவையினருக்கு நன்கு அறிமுகமாகியிருந்தது எனக் கொள்ளலாம்.

ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்து ஒற்றியூரில் இறைவனுக்குப் பூத்தொடுத்துவந்த சங்கிலியாரைச் சுந்தரர் மணக்க விழைகிறார். பிரியேன் எனக் கோயிலில் சூளுரைக்க வேண்டியிருக்க, அவ்வேளையில் இறைவன் மகிழ மரத்தடியில் எழுந்தருளுமாறு முன்னரே வேண்டிக்கொள்கிறார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் அதனை வெளிப்படுத்துகிறார். சங்கிலியார் மகிழின் கீழேயே சூள் கேட்கிறார். சுந்தரர் மறுக்க வழியின்றிச் சூளுரைக்கிறார். பின்னர்த் தென்றல் வீசும் பருவம் வருகிறது. திருவாரூர் வீதிவிடங்கப் பெருமானின் வசந்த விழாவும், அவ்விழாவிற் பரவையார் நிகழ்த்தும் ஆடலும் பாடலும் அவர் நினைவில் எழுகின்றன. ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் கண்ணொளி மறைகிறது.

சூளை முறிக்கத் தூண்டியது வேனிற்காலக் கலைவிழா ஒன்றே என்பது இங்குக் கருதத்தக்கது. பேரூரின் விழாவை நாடிச் சிற்றூரின் பெண்ணுக்குக் கொடுத்த சொல்லைக் கைவிட்டவனின் கதையை, அச்சிற்றூர் தன் வேனில் விழாவில், சொல் கொடுக்கப்பட்ட அதே மரத்தடியில் கேட்கிறது. ஆரூரில் இக்கதை அடியவர் ஒருவரின் மீள்வருகை. ஒற்றியூரிலோ அது சங்கிலியாரின் வழக்கு. இடம் மாறும்போது கதையின் பொருளும் மாறுகிறது. இன்றும் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நிகழும்போது, சுந்தரர் அளித்த சூள் மக்கள் முன் மீண்டும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் பங்குனி அவையில் ஓதப்பட்ட வரலாறு இன்று மாசி விழாவில் நிகழ்த்துகலையாக வாழ்கிறது எனலாம்.

4. கலைஞரும் உரிமையும்

விழாவை நிகழ்த்தியவர்கள் பற்றிய செய்திகள் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் கிடைக்கின்றன. திருவொற்றியூர்க் கோயிலில் படியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் என மூவகை மகளிர் பணியாற்றினர். ஆடல், பாடல் முதலிய பணிகளை எவர் எச்சந்நிதியில் எம்முறையில் செய்வது என்பதில் அவர்களுக்கிடையே முரண்பாடு தோன்றிற்று. சம்புவராயர், விசயநகர அரசர் காலங்களில் இதனைத் தீர்க்க மீண்டும் மீண்டும் முறைகள் வகுக்கப்பட்டன. நிகழ்த்துநர்கள் தம் பணியை உரிமையாகக் கருதினர் என்பதும், அவ்வுரிமைக்காக நெடுங்காலம் வழக்காடினர் என்பதும் இதனால் விளங்கும். மகிழடி அவையைக் குறித்த கல்வெட்டில் இடம்பெறாத மனிதர்கள், பிணக்கு எழுந்தபோதுதான் எழுத்திற்குள் வருகின்றனர்.

5. காசிமேடு: பம்பையும் தீர்த்தவாரியும்

காசிமேடு, இராயபுரம் பகுதி மீனவர் குடியிருப்புகளின் வேனில் விழாக்களுக்குக் கல்வெட்டு இல்லை. மாசிச் சிவராத்திரியை அடுத்து அங்காளம்மனுக்கு எடுக்கப்படும் மயானக் கொள்ளையில் பம்பை, உடுக்கை, சிலம்பு ஆகியவற்றுடன் அம்மன் வரலாறு பாடப்படுகிறது. வேடம் புனைந்தோர் ஊர்வலமாக மயானத்திற்குச் செல்கின்றனர். பிரமனின் தலையோடு தொடர்புடைய அக்கதை மயானத்தில் நிகழ்ந்தது; எனவே மயானத்திலேயே அது நிகழ்த்தப்படுகிறது. மகிழின் கீழ் ஓதப்பட்ட ஸ்ரீபுராணத்திற்கும் பம்பைக்காரர் பாட்டிற்கும் மொழியாலும் ஆதரவாலும் வேறுபாடு மிகுதி. ஆயினும் கதைக்கு உரிய இடத்தில், உரிய நாளில், ஊரார் கூடிக் கேட்டல் என்னும் அமைப்பு இரண்டிற்கும் ஒன்றே.

மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் காசிமேட்டுக் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கின்றனர். நாள்தோறும் வலை உலர்த்தும் மணல் அன்று விழாக்களமாகிறது. பிற நாள்களில் மீன் வாடைக்காக விலகிச் செல்லும் நகரம் அன்று அக்கரையை நாடி வருகிறது.

6. மணலின் வரலாறு

இவ்விழாக்களுக்கு மணற்பரப்பு இன்றியமையாதது. சென்னைத் துறைமுகப் பணிகள் 1875ஆம் ஆண்டில் தொடங்கின. 1881ஆம் ஆண்டுப் புயலில் அவை பெருஞ்சேதமுற்றுப் பின்னர்ச் சீரமைக்கப்பட்டன. இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது இயல்பு. துறைமுகச் சுவர் அதனைத் தடுத்தமையால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கருங்கற்கள் கொட்டப்பட்டுக் கடல் தடுக்கப்பட்டதற்கு இதுவே காரணம். தென்சென்னைக்குக் கிடைத்த விழாக்களமும் வடசென்னை இழந்த விழாக்களமும் ஒரே மணலின் இரு கணக்குகள் ஆகும்.

அண்மைக்கால முயற்சிகள் சிலவற்றை இப்பின்னணியில் நோக்கலாம். 2015ஆம் ஆண்டு பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, கருநாடக இசையையும் பிற கலைகளையும் மீனவர் குப்பத்தில் ஒரே மேடையில் நிறுத்தியது. 2017ஆம் ஆண்டு சனவரியில் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடல், எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவை இசையின் பொருளாக்கியது. நிலமும் நீரும் அழியும்போது கலை எங்கே நிற்கும் என்னும் வினாவை அப்பாடல் எண்ணூரிலிருந்தே எழுப்பியது. மகிழடி அவையும் மாசி மகமும் அவ்வினாவிற்கு நீண்ட முன்வரலாறு தருகின்றன.

7. முடிவுரை

வடசென்னைக் கரையோரத்தின் வேனில் விழாக்களில் கதையும் இடமும் பிரிக்கவியலாதவை என்பது மேற்கண்ட சான்றுகளால் புலனாகிறது. ஒற்றியூரில் மகிழ மரமும், மீனவர் குடியிருப்புகளில் மயானமும், காசிமேட்டில் கடல்மணலும் நிகழ்வின் பொருளையே ஆக்குகின்றன. அரசன் அமர்ந்து கேட்ட ஓதலுக்குக் கல்வெட்டு உண்டு; பம்பைக்காரரின் பாட்டிற்கு அவர்தம் நினைவும், விழா அழைப்பிதழ்களும், கோயில் வரவு செலவுக் குறிப்பேடுகளுமே சான்று. இவை எளிதில் அழியக்கூடியவை. பாடுவோரின் பெயர், பாட்டின் பாடம், ஊர்வலத்தின் வழி, தீர்த்தவாரி நிகழும் கரையின் அளவு ஆகியன ஆண்டுதோறும் பதிவு செய்யப்படுமாயின், இழக்கப்படும் கரையோடு எவ்விழா இடம்பெயர்கிறது, எது நின்றுபோகிறது என்பதைப் பின்வரும் ஆய்வாளர் அறிய இயலும். கடலரிப்பை மீட்டர்க் கணக்கில் மட்டும் அளப்பது போதாது. எத்தனை கதைகள் தம் இடத்தை இழந்தன என்பதும் அதன் அளவேயாகும்.