மனிதக் கண் நிற மரபியலின் வரலாறு

மனிதக் கண் நிறம் என்பது கண் பாவையைச் சூழ்ந்துள்ள கதிராளி எனப்படும் ஐரிஸ் வளையத்தின் நிறத்தைக் குறிக்கும். பழுப்பு நிறம் ஓங்கு பண்பு, நீல நிறம் ஒடுங்கு பண்பு, இரண்டையும் ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்ற விளக்கம் 1907-இல் முன்வைக்கப்பட்டது. இவ்விதி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பாடநூல்களில் இடம்பெற்றது. இதற்குப் பொருந்தாத சான்றுகள் தொடக்கம் முதலே இருந்தன. விதியின் எளிமையே அதை நீண்டகாலம் நிலைக்கச் செய்தது. மனிதரைத் தரம் பிரிக்க விரும்பியவர்களுக்கும் அந்த எளிமை பயன்பட்டது.

நிறம் உண்டாகும் விதம்

மனிதக் கண்ணில் நீல நிறமியோ பச்சை நிறமியோ கிடையாது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் என்ற பழுப்பு நிறமியே கண்ணிலும் உள்ளது. கதிராளியின் பின்புற அடுக்கில் ஏறக்குறைய எல்லா மனிதருக்கும் மெலனின் அடர்த்தியாக இருக்கும். வேறுபாடு முன்புற அடுக்கில்தான். அங்கு மெலனின் மிகுந்திருந்தால் ஒளி உட்கவரப்பட்டுக் கண் பழுப்பாகவோ கருமையாகவோ தோன்றும். மிகக் குறைவாக இருந்தால், அந்த அடுக்கின் நுண்ணிய இழைகளில் பட்டு நீல ஒளி அதிகமாகச் சிதறும். கண் நீலமாகத் தெரியும். இடைப்பட்ட அளவுகளில் பச்சை, சாம்பல் முதலிய சாயல்கள் உண்டாகின்றன. ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகள் பலர் நீலக் கண்ணுடன் பிறந்து, சில மாதங்களுக்குப் பின் பழுப்புக் கண் பெறுவது, முன் அடுக்கில் மெலனின் மெல்லச் சேர்வதால் ஆகும்.

தொடக்ககால ஆய்வுகள்

ஐரோப்பாவில் கண் நிறம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுபடுவதாலும், அதைப் பதிவு செய்வது எளிது என்பதாலும், பாரம்பரியத்தை ஆராய்ந்தவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தனர். இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1884-இல் பரிசு அறிவித்துக் குடும்பக் குறிப்புகளைத் திரட்டினார். அவற்றைக் கொண்டு, கண் நிறம் தலைமுறைகளில் எவ்வாறு தொடர்கிறது என்பது பற்றிய கட்டுரையை 1886-இல் வெளியிட்டார். அப்போது மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு பரவலாக அறியப்படவில்லை. 'யூஜெனிக்ஸ்' எனப்படும் இனமேம்பாட்டியலுக்குப் பெயர் சூட்டியவரும் கால்டனே.

1907-ஆம் ஆண்டின் விதி

1900-இல் மெண்டலின் விதிகள் மீண்டும் கவனத்துக்கு வந்தன. அவை மனிதருக்கும் பொருந்தும் எனக் காட்ட ஓர் எளிய பண்பு தேவைப்பட்டது. அமெரிக்க உயிரியலாளர்களான ஜெர்ட்ரூட் டேவன்போர்ட், சார்லஸ் டேவன்போர்ட் தம்பதியர் 1907-இல் 'சயின்ஸ்' இதழில் கண் நிறப் பாரம்பரியம் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். நீலக் கண் என்பது பழுப்பு நிறமி இல்லாத நிலை. எனவே அது ஒடுங்கு பண்பு என்பது அவர்களின் முடிவு. 1908-இல் சார்லஸ் ஹர்ஸ்ட், இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் உள்ள பர்பேஜ் கிராமத்துப் பள்ளிக் குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து, ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். இதன்படி, நீலக்கண் பெற்றோர் இருவருக்குப் பழுப்புக்கண் குழந்தை பிறக்க இயலாது.

அடுத்த ஆண்டே எதிர்ப்பு எழுந்தது. 1909-இல் ஹோம்ஸ், லூமிஸ் ஆகியோர், கண் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று தொடர்ச்சியாக மாறுவதையும், அவற்றை இரண்டு பெட்டிகளில் அடைப்பது செயற்கையானது என்பதையும் சுட்டிக்காட்டினர். எனினும் வகுப்பறையில் இரண்டே எழுத்துகளில் கட்டம் போட்டு விளக்க முடிந்த விதியே நிலைத்தது. அதைப் படித்தவர்களில் சிலர் தம் பெற்றோரின் கண்களோடு தம் கண்களை ஒப்பிட்டுத் தம் பிறப்பையே ஐயுறும் நிலை ஏற்பட்டது.

இனமேம்பாட்டியலும் ஆஷ்விட்ஸும்

சார்லஸ் டேவன்போர்ட் 1910-இல் நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் இனமேம்பாட்டியல் பதிவகத்தை நிறுவினார். கண் நிறத்துக்குக் கூறப்பட்ட ஒற்றை மரபணு விளக்கம், அங்கு வறுமை, அறிவுத்திறன் குறைபாடு போன்றவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டது. அமெரிக்காவின் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களுக்கும் 1924-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்கும் ஆதரவு திரட்டியதில் இப்பதிவகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1939-இல் இது மூடப்பட்டது.

ஜெர்மனியில் மானிடவியலாளர் ருடால்ஃப் மார்ட்டின் உருவாக்கிய, கண்ணாடிக் கண்கள் பதித்த நிற அட்டவணை மனிதரை அளவிடும் கருவிகளுள் ஒன்றாக இருந்தது. நாஜி ஆட்சியில் இத்தகைய அளவீடுகள் இனத்தீர்ப்புகளுக்குப் பயன்பட்டன. பெர்லினின் டாலெம் பகுதியில் இயங்கிய கைசர் வில்ஹெல்ம் மானிடவியல் நிறுவனத்தில் காரின் மாக்னுசன் என்ற ஆய்வாளர் கண் நிறத்தை ஆராய்ந்தார். இரு கண்களும் வெவ்வேறு நிறத்தில் அமையும் தன்மையில் அவர் தனிக் கவனம் செலுத்தினார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மருத்துவராக இருந்த யோசஃப் மெங்கெலே, அங்கு இறந்தவர்களின் கண்களை அவருக்கு அனுப்பினார். அவர்களுள் இத்தன்மை கொண்ட சிந்தி இனக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். கைதியாக இருந்து மெங்கெலேயின்கீழ் பிணக்கூறாய்வு செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட ஹங்கேரிய மருத்துவர் மிக்லோஷ் நீஸ்லி, கண்கள் பெர்லினுக்கு அனுப்பப்பட்டதைத் தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்துள்ளார். போருக்குப் பின் மாக்னுசன் பிரேமன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.

மூலக்கூறு மரபியல்

கண் நிறத்துக்குரிய மரபணுவின் இருப்பிடம் 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெளிவாகத் தொடங்கியது. டென்மார்க்கின் ஹன்ஸ் ஐபெர்க், யான் மோர் ஆகியோர் 1996-இல் பழுப்புக் கண்ணுக்குரிய மரபணு 15-ஆவது குரோமோசோமில் இருப்பதாகக் காட்டினர். அங்குள்ள ஓ.சி.ஏ.2 மரபணு, மெலனின் உற்பத்திக்குத் தேவையான ஒரு புரதத்தை உருவாக்குகிறது. இம்மரபணு பழுதுபட்டால் வெண்தோல் நோயின் ஒரு வகை உண்டாகும்.

ஆனால் நீலக்கண் உடையோரில் பெரும்பாலோரிடம் ஓ.சி.ஏ.2 பழுதின்றி இருந்தது. இந்தப் புதிருக்கு 2008-இல் கோபன்ஹேகன், பிரிஸ்பேன், ராட்டர்டாம் நகரங்களைச் சேர்ந்த மூன்று குழுக்கள் தனித்தனியே விடை கண்டன. காரணம் அடுத்த வீடான எச்.இ.ஆர்.சி.2 மரபணுவுக்குள் இருந்தது. அங்குள்ள ஓர் இடம், ஓ.சி.ஏ.2 எவ்வளவு செயல்பட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் விசைபோல இயங்குகிறது. அவ்விடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால் ஓ.சி.ஏ.2-இன் செயல்பாடு தணிந்து, கதிராளியில் மெலனின் குறைகிறது.

டென்மார்க், துருக்கி, ஜோர்டான் நாடுகளின் நீலக்கண் உடையோரிடம் இம்மாற்றத்தைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. பகுதி ஒன்றுபோலவே இருந்ததால், இது ஒரே மூதாதையரிடமிருந்து வந்தது என்று ஐபெர்க் குழு கருதியது. இம்மாற்றம் 6,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்பது அக்குழுவின் மதிப்பீடு. பின்னர் இத்தாலியின் வில்லாபுரூனாவில் கிடைத்த, சுமார் 14,000 ஆண்டுப் பழமையான எலும்புக்கூட்டிலும் இம்மாற்றம் காணப்பட்டதால், அதன் தோற்றம் இன்னும் முந்தியது எனத் தெரிந்தது. ஸ்பெயினின் லா பிரான்யா குகையில் கிடைத்த, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டைச் சமூக மனிதரின் டி.என்.ஏ. முடிவுகள் 2014-இல் வெளியாயின. அவருக்கு நீலக் கண்ணும் கரிய தோலும் இருந்திருக்க வேண்டும் என்று அவை காட்டின. வெண்தோலும் நீலக்கண்ணும் பிரிக்கவியலாத ஓரினத்தின் அடையாளம் என்ற பழைய கருத்துக்கு இது எதிர்ச்சான்றாக அமைந்தது.

இன்றைய நிலை

1907-ஆம் ஆண்டின் விதி முழுவதும் தவறானதன்று. எச்.இ.ஆர்.சி.2-இல் உள்ள அந்த ஓர் இடமே நீலத்துக்கும் பழுப்புக்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பங்கு வகிப்பதால், பல குடும்பங்களில் விதி பொருந்துவதுபோல் தோன்றியது. ஆனால் பிற மரபணுக்களும் மெலனின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. பெற்றோர் இருவரிடமும் மெலனின் குறைவுக்கு வெவ்வேறு மரபணுக் காரணங்கள் இருக்குமானால், அவர்களின் குழந்தைக்குப் பழுப்புக் கண் அமையலாம். ஆகவே கண் நிறத்தை வைத்துப் பெற்றோர் உறவை உறுதி செய்யவோ மறுக்கவோ முடியாது.

2011-இல் வெளியான ஐரிஸ்பிளெக்ஸ் என்ற முறை, ஆறு மரபணுக்களில் உள்ள ஆறு இடங்களைச் சோதித்து, அடையாளம் தெரியாத உடல்களின் கண் நிறத்தைக் கணிக்கத் தடயவியலில் உதவுகிறது. நீலத்தையும் பழுப்பையும் இது நன்கு கணிக்கிறது. இடைப்பட்ட நிறங்களில் தடுமாறுகிறது. 2021-இல் 1,90,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, கண் நிறத்தோடு தொடர்புடைய 61 மரபணுப் பகுதிகளைக் கண்டறிந்தது. அவற்றுள் 50 அதுவரை அறியப்படாதவை. ஆசிய வம்சாவளியினரின் பழுப்புக் கண்களுக்கிடையே உள்ள சாயல் வேறுபாட்டிலும், ஐரோப்பியரின் கண் நிறத்தைத் தீர்மானிக்கும் அதே மரபணுக்கள் பங்கேற்பதாக அவ்வாய்வு காட்டியது. முன்பு 'பழுப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கப்பட்ட கண்களும் இவ்வாறு ஆய்வுக்கு உள்ளாகத் தொடங்கியுள்ளன.