மோகன் பாகன் கழகத்தின் கதை

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாவியும் வயலும் அடுத்தடுத்துக் கிடக்கும் நாட்டிலே அமைந்த ஊர் கிரான். அறுவடை முடிந்து வயல் காய்ந்த காலத்திலே, வெயில் தாழ்ந்த வேளையில் இத்தகைய ஊர்களுக்குச் செல்வோர் காணும் காட்சி ஒன்றுண்டு. இரண்டு தடிகளை நட்டு அதனையே கோல் வாயிலாக வைத்துக்கொண்டு இளைஞர் உதைபந்தாடுவர். அவர்களுட் பெரும்பாலோர் காலிலே சப்பாத்து இராது. சூடு ஆறாத மண்ணிலும் அரிதாளின் கூர்மையிலும் பழகிய பாதம் அது. இந்த வெறும் பாதம் ஒரு காலத்திலே பேரரசொன்றின் படைவீரரோடு பொருது வென்ற வரலாறு வங்காளத்துக்குரியது. அவ்வரலாற்றின் நாயகர் கல்கத்தாவின் மோகன் பாகன் கழகத்தார்.

மோகன் பாகன் என்ற பெயரைக் கேட்கும் தமிழருக்கு யானைப்பாகனே முதலில் நினைவுக்கு வருவான். ஆனால் வங்க மொழியிலே பாகான் என்பது தோட்டத்தைக் குறிக்கும். வட கல்கத்தாவின் பரியாபுக்கூர் வீதியிலே மோகன் பாகன் என்னும் பெயருடைய தோட்ட மாளிகை ஒன்று இருந்தது. அதன் புல்வெளியிலே விளையாடிய இளைஞரே 1889 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாள் கழகமாகக் கூடினர். வழக்கறிஞர் பூபேந்திரநாத் போஸ் முதல் தலைவரானார். 1914 இல் சென்னையிலே கூடிய இந்திய தேசியக் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. கழகத்தின் பெயரிலே விளையாட்டு வேட்டையையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்று முதலில் இருந்தது. முதலாம் ஆண்டு விழாவிற்கு வந்த பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் றோ என்பவர், இங்கே துப்பாக்கி சுடுவாருமில்லை, தூண்டில் போடுவாருமில்லை, அச்சொல் எதற்கு என்று கேட்டாராம். அதன் பின்னரே அது அத்லெற்றிக் கழகம் ஆயிற்று.

அதே 1889 ஆம் ஆண்டின் இறுதியிலே, உலகின் மற்றொரு கோடியில், ஸ்பெயின் நாட்டின் ஊயெல்வா என்னும் துறைமுகப் பட்டினத்திலும் ஒரு கழகம் பிறந்தது. றியோ ரின்ரோச் செப்புச் சுரங்கங்களை நடத்த வந்த ஆங்கிலேயரே அதனைத் தோற்றுவித்தனர். ஸ்பெயினில் இன்றுள்ள கழகங்களுள் மூத்தது எனப்படுவது அதுவே. சுரங்கத்தோடும் கப்பலோடும் வந்த ஆங்கிலேயரிடமிருந்து ஸ்பானியர் பந்தைக் கற்றனர். கல்கத்தாவிலோ பந்து படையோடும் ஆட்சியோடும் வந்தது. ஊயெல்வாவில் ஆங்கிலேயர் விருந்தினராயும் முதலாளிகளாயும் இருந்தனர்; கல்கத்தாவில் அவர்கள் ஆண்டனர். இரு கழகங்களின் கதையும் வேறு வேறாகச் சென்றதற்கு இவ்வேறுபாடே காரணம் எனலாம்.

கல்கத்தாவிலே பந்தை முதலில் உதைத்த இந்தியச் சிறுவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்பர். வெள்ளைச் சிப்பாய்கள் ஆடிக்கொண்டிருந்த மைதானத்தோரம் உருண்டு வந்த பந்தை எடுத்து, அவர்கள் சொற்படி திருப்பி உதைத்தான் அப்பாலகன். பின்னர் பல கழகங்களை அமைத்தார் அவர். அவற்றுள் ஒன்றிலே, குயவர் குலத்து இளைஞரான மணி தாஸ் என்பவரைச் சேர்க்கலாகாது என்று மேற்குலத்தார் சிலர் தடுத்தனர். சர்வாதிகாரி வாதாடிக் காலம் போக்கவில்லை, அக்கழகத்தையே கலைத்துவிட்டார். பின்பு அவர் அமைத்த சோபாபசார் கழகத்தில் மணி தாஸுக்கு இடம் கிடைத்தது. பந்தின் வரலாற்றைச் சொல்வோர் இந்நிகழ்ச்சியை ஒரு வரியிலே கடந்துபோவதுண்டு; அது நியாயமன்று. அந்நியரோடு ஆடுமுன் தம்மவரோடு தீர்க்கவேண்டிய வழக்கு ஒன்று அன்றைக்கே அங்கே இருந்தது.

தொடக்க ஆண்டுகளிலே மோகன் பாகன் பெரிய வெற்றி எதனையும் பெறவில்லை. சைலேன் போஸ் என்பவர் செயலாளரான பின்னரே நிலை மாறிற்று. அவர் படையிலே பணியாற்றியவர். ஓட்டமும் உடற்பயிற்சியும் இன்றி வெறும் கால்திறன் போதாது என்று கண்டு, ஆட்டக்காரரைச் சிப்பாய்களைப் போலவே பழக்கினார். 1904 இல் கூச்பிகார் கிண்ணம் கிடைத்தது. 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாக வர்த்தகர் கிண்ணம் கிடைத்தது. இவற்றுக்கிடையே, 1905 இல், கேர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் எழுந்தது. வங்காளிகள் மெலிந்தவர், ஏட்டுக்கல்விக்கே ஏற்றவர், மைதானத்துக்கு உதவாதவர் என்று ஆங்கிலேயர் எழுதியும் பேசியும் வந்த காலம் அது. அவ்விழிசொல்லுக்கு விடை தேடியவர் பலர். சிலர் உடற்பயிற்சிக் கூடங்களை அமைத்தனர். சிலர் வெடிகுண்டை எடுத்தனர். மோகன் பாகனாரிடம் இருந்தது ஒரு தோற்பந்து.

1911 ஆம் ஆண்டிலே இந்தியக் கால்பந்துச் சங்கக் கேடயப் போட்டியில் அவர்கள் இறங்கினர். 1893 முதல் நடந்துவந்த அப்போட்டியில் அதுவரை எந்த இந்தியக் கழகமும் கேடயத்தைத் தொட்டதில்லை. முதலாட்டத்தில் சென் சேவியர் கல்லூரியாரை மூன்று கோல்களால் வென்றனர். அடுத்து றேஞ்சர்ஸ், அதற்கடுத்து றைபிள் பிரிகேட் என்னும் படையணி. அரையிறுதியிலே மிடில்செக்ஸ் படையணியோடு ஆட்டம் ஒன்றுக்கொன்று என்று சமமாயிற்று. மறுநாடகம் போன்ற மீளாட்டத்திலே மூன்று கோல்களால் வென்றனர். அன்று முதல் கல்கத்தா உறங்கவில்லை.

இறுதியாட்டம் ஜூலை 29 ஆம் நாள், சனிக்கிழமை. எதிரிகள் ஈஸ்ட் யோர்க்ஷயர் படையணியினர். மாகாணத்தின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரண்டனர். சிறப்புப் புகைவண்டிகள் விடப்பட்டன. ஆற்றிலே நீராவிப் படகுகள் கூட்டத்தைச் சுமந்து வந்தன. ஓரிரு ரூபாய் நுழைவுச்சீட்டு பன்மடங்கு விலைக்கு விற்றது. வந்தோர் எண்பதினாயிரம் என்றும் நூறாயிரம் என்றும் அக்காலச் செய்திகள் கூறின. அன்றைய மைதானத்தில் அத்தனை பேரும் ஆட்டத்தைக் கண்டிருக்க இயலாது. மரத்தின் மேலும் பெட்டிகளின் மேலும் ஏறி நின்றோர் சிலர். தொலைவில் நின்றோர்க்கு, கோல் எண்ணிக்கை எழுதிய காற்றாடிப் பட்டங்களை உயரப் பறக்கவிட்டுச் செய்தி அறிவித்தனர். ஒலிபரப்பு என்ற ஒன்று பிறவாத நாளிலே, வானத்தையே ஏடாக்கிய வித்தை அது. வானொலி நேயர்கள் அதனை வியவாதிருக்க முடியாது.

களத்திலிறங்கிய பதினொருவரும் இன்றளவும் வங்காளத்திலே அமரர் பதினொருவர் எனப் போற்றப்படுகின்றனர். காவலர் ஹீராலால் முகர்ஜி. பின்களத்திலே பூட்டி சுகுல், சுதிர் சட்டர்ஜி. நடுவிலே மன்மோகன் முகர்ஜி, ராஜன் சென்குப்தா, நீல்மாதப் பட்டாச்சாரியா. முன்னணியிலே கானு றோய், ஹபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜய்தாஸ் பாதுரி, அவர் தம்பியும் அணித்தலைவருமான சிப்தாஸ் பாதுரி. இவர்களுள் சப்பாத்து அணிந்தவர் ஒருவரே. அவர் கிறிஸ்தவரான சுதிர் சட்டர்ஜி. ஏனைய பதின்மரும் வெறுங்காலர்.

இரண்டாம் பாதியிலே படையணித் தலைவன் ஜாக்சன் தனியுதையால் முதற்கோலைப் போட்டான். கூட்டம் அடங்கிப்போயிற்று. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சிப்தாஸ் இடப்புறமாகப் பந்தைக் கொண்டுசென்று கணக்கைச் சமன் செய்தார். பின்பு மீண்டும் அவரே பந்தை ஏந்திச் சென்று எதிரிகளைத் தம்பால் ஈர்த்து, அபிலாஷ் கோஷிடம் தள்ளினார். கோஷ் உதைத்த பந்து வலைக்குள் விழுந்தது. இரண்டுக்கு ஒன்று. ஊதுகுழல் ஒலித்தது.

அன்றிரவு நடந்தவற்றை வருணிக்க வேண்டுவதில்லை. றொய்ட்டர் செய்தி நிறுவனம் அதனைக் கடல் கடந்து அனுப்பிற்று. ஒரு கதையும் வழங்குகின்றது. வெற்றியோடு திரும்பிய வீரரை வழிமறித்த முதியவர் ஒருவர் வில்லியம் கோட்டையின் மேல் பறந்த கொடியைச் சுட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். கேட்டிருந்தாலும் இருக்கலாம், பின்னர் கட்டியதாகவும் இருக்கலாம். அவ்வாண்டு டிசம்பரிலே மன்னர் தில்லி தர்பாரில் வங்கப் பிரிவினையை நீக்கினார்; தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றினார். இதனையும் பந்தையும் முடிச்சுப்போடுவோர் உளர். அம்முடிவுக்குக் காரணங்கள் வேறு. பந்து அரசை அசைக்கவில்லை; ஆளப்படுவோரின் மனத்தை அசைத்தது. அத்துணையே அதற்குப் பெருமை போதும்.

1911 க்குப் பின் வந்தது நெடிய வறட்சி. கோஷ்ட பால் என்னும் பெரும் பின்களக் காவலர் இக்காலத்தவர். சீனப்பெருஞ்சுவர் என்று பெயர் பெற்றவர். 1962 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் இருந்தும் கேடயம் திரும்பி வரவில்லை. 1934 முதல் கல்கத்தாக் குழுப்போட்டியைத் தொடர்ந்து ஐந்தாண்டு வென்ற கழகம் முகம்மதன் ஸ்போட்டிங். மோகன் பாகன் அதனை முதலில் வென்றது 1939 இலேயே. இரண்டாம் முறை கேடயம் கிடைத்தது 1947 இல், நாடு விடுதலை பெற்ற ஆண்டில்.

வெறுங்காலின் கதையும் அதனை ஒட்டியே முடிவுற்றது. 1948 லண்டன் ஒலிம்பிக் போட்டியிலே பிரான்சை எதிர்த்த இந்திய அணியினருட் பெரும்பாலோர் சப்பாத்தின்றியே ஆடினர். தலைவர் தலிமெரன் ஆவோ, நாகநாட்டவர், மோகன் பாகன் வீரர். இந்தியாவின் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். இரண்டு தண்டவுதைகள் வீணாயின. அவற்றுள் ஒன்றை வீணாக்கியவர் மோகன் பாகனின் புகழ்பெற்ற சைலேன் மன்னா. இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றனர். அதே மன்னா 1951 இல் தில்லி ஆசிய விளையாட்டில் அணித்தலைவராகித் தங்கப் பதக்கம் வாங்கித்தந்தார். 1950 உலகக் கிண்ணத்துக்கு இந்தியா செல்லாமைக்கு வெறுங்காலே காரணம் என்பது இன்றும் பலர் வாயில் வழங்கும் கூற்று. அது முழு உண்மையன்று. உண்மையில் வெறுங்காலை வீழ்த்தியது ஹெல்சிங்கியின் குளிர். 1952 ஒலிம்பிக்கிலே யூகோஸ்லாவியா பத்துக்கு ஒன்றாக வென்றது. அதன்பின் இந்தியாவிலே சப்பாத்து கட்டாயமாயிற்று.

மோகன் பாகனின் மறுபாதி ஈஸ்ட் பெங்கால் கழகம். 1920 இலே, மோகன் பாகனோடு ஆடவிருந்த ஓர் அணியிலிருந்து கிழக்கு வங்கத்து வீரர் விலக்கப்பட்டமை மனக்கசப்பாகி அக்கழகம் பிறந்தது. 1947 பிரிவினைக்குப் பின் அகதிகளாய் வந்தோர்க்கு அதுவே ஊராயிற்று. கல்கத்தாவின் பழங்குடியினர்க்கு மோகன் பாகன். ஒருசாரார் வென்றால் இறால் சமைப்பர். மறுசாரார் வென்றால் இலிசா மீன். சந்தையிலே இறால் விலை ஏறினால் வென்றவர் யார் என்று கேட்கவேண்டியதில்லை. இறாலுக்குப் பெயர்போன வாவிக்கரையார் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஆனால் இப்பகை எப்போதும் அடுக்களையோடு நின்றுவிடவில்லை. 1980 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 ஆம் நாள், ஈடன் தோட்ட மைதானத்தில் இவ்விரு கழகங்களும் மோதியபோது எழுந்த கலவரத்தில் பதினாறு பேர் உயிரிழந்தனர். பந்தாட்டம் பார்க்கப் போனவர்கள் அவர்கள். அந்நாள் வங்காளத்தில் உதைபந்தாட்ட அன்பர் நாளாக நினைவுகூரப்பட்டு, குருதிக்கொடை வழங்கப்படுகின்றது.

அண்மைக்காலத்து வழக்கு பெயரைப் பற்றியது. 2020 இல் கழகத்தின் உதைபந்தாட்டப் பிரிவு வணிகக் குழுமம் ஒன்றின் அணியோடு இணைந்தது. பெரும்பான்மைப் பங்கு அதன் கைக்குச் சென்றது. 1889 இன் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்னும் மூன்றெழுத்து வந்து நின்றது. பணமின்றி அணியை நடத்த முடியாது என்றனர் நிர்வாகத்தினர். பணத்தை வேண்டாமென்று சொல்லவில்லை, எழுத்தை எடுங்கள் என்றனர் அன்பர்கள். அவர்கள் மூன்றாண்டுகள் ஓயவில்லை. 2023 இல் அணி இந்திய சுப்பர் லீக் பட்டத்தை வென்ற அன்றிரவே அம்மூன்றெழுத்து நீங்குமென்று உரிமையாளர் அறிவித்தார். சுப்பர் ஜயன்ற் என்ற வால் மட்டும் இப்போது பெயரின் பின்னால் வருகின்றது. பின்னால் வருவதைப் பொறுத்துக்கொண்டனர் போலும்.

ஸ்பெயினிலும் இத்தகைய வழக்கு நடந்ததுண்டு. பில்பாவோ நகரின் அத்லெற்றிக் கழகம் 1898 இல் தோன்றியது. பாஸ்க் நாட்டவரையே கொண்டு ஆடுவது அதன் மரபு. 1941 இல் பிராங்கோவின் ஆட்சி அந்நியமொழிப் பெயர்களைத் தடுத்தபோது கழகத்தின் பெயர் ஸ்பானிய வடிவுக்கு மாற்றப்பட்டது. முப்பதாண்டுக்கு மேல் காத்திருந்து 1972 இல் பழைய பெயரை மீட்டனர். அங்கே பெயரைப் பறித்தது அரசு, கல்கத்தாவில் பணம். 2024 இல் அக்கழகம் நாற்பதாண்டுக்குப் பின் மன்னர் கிண்ணத்தை வென்றபோது, வீரரை ஒரு தட்டைப் படகில் ஏற்றி ஆற்றின் வழியே ஊர்வலம் விட்டனர்.

மோகன் பாகன் இலங்கை அணிகளோடும் பொருதியது. 2017 இல் ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணத்தின் தகுதியாட்டத்துக்காகக் கொழும்பிற்கு வந்து கொழும்புக் கழகத்தை வென்றது. 2022 ஏப்ரலில் புளூ ஸ்டார் கழகம் கல்கத்தாவுக்குச் சென்று ஐந்து கோல்களால் தோற்றுத் திரும்பியது. அவ்வாட்டங்களிலே இரு பக்கத்தாரும் சப்பாத்து அணிந்திருந்தனர்.