இறாலுக்கு வந்த நோயும் சட்டமும்

கல்கத்தாவிலிருந்தோ டில்லியிலிருந்தோ ரயிலில் சென்னைக்கு வரும் நாம் நெல்லூரைக் கடந்தே வருகிறோம். அதற்குக் கிழக்கே, கடலோரத்தில், இறால் வளர்க்கும் குளங்கள் பரந்து கிடக்கின்றன. 1994–95ஆம் ஆண்டுகளில் கிழக்குக் கரையெங்கும் இத்தகைய குளங்களில் ஒரு கொடுநோய் புகுந்தது. இறாலின் ஓட்டில் வெண்புள்ளிகள் தோன்றும். சில நாட்களில் குளமே மடிந்துவிடும். வைரஸால் வரும் இவ் வெள்ளைப்புள்ளி நோய்க்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை. கடன்பட்டுக் குளம் வெட்டியவர்கள் கலங்கி நின்றனர்.

அந்நாளில் நம்மிடம் இருந்த சட்டம் யாது? 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் அது தடுத்தது. நோயைப் பற்றி அதற்குக் கவலையில்லை. வங்கத்துக் குளங்கள் போன்றவை நீங்கலாக, மீனைப் பிடித்த காலம் அது. அடைத்து வளர்த்த காலமன்று.

நோயோ வேலியறியாதது. ஒருவர் வடித்துவிடும் நீரை அடுத்தவர் அதே ஓடையிலிருந்து இறைத்துக்கொள்கிறார். நண்டும் நோயைச் சுமக்கிறது. தன் குளத்தை மட்டும் காப்பவர் எங்ஙனம் தப்புவார்?

விந்தை என்னவெனில், கட்டுப்பாடு வந்தது நோயின் வழியாக அன்று. விளைநிலமும் குடிநீரும் உவர்ப்பாவதை எதிர்த்துச் சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி 1997இல் ஓர் ஆணையம் தோன்றியது. 2005ஆம் ஆண்டுச் சட்டம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தை நிறுவியது. பண்ணைகள் பதிவு பெறுதல் கட்டாயமாயிற்று. ஆயினும், தீர்ப்பு விலக்கிய கடலோர மண்டலத்தில் பண்ணைகளுக்கு இச்சட்டம் மீண்டும் இடந்தந்தது. உவர்நீரால் வருந்திய உழவரை எண்ணின் இதில் நமக்கு முழு நிறைவில்லை.

2009இல் வனாமி என்னும் அயல்நாட்டு இறாலை வளர்க்க அரசு இசைந்தது. அன்று முதல், வெளிநாட்டிலிருந்து வானூர்தியில் வரும் தாய் இறால்கள் நேரே குஞ்சு பொரிப்பகம் செல்ல இயலாது. சென்னையை அடுத்த நீலாங்கரையில் தனிமை நிலையத்தில் வைத்துச் சோதிக்கப்படுகின்றன, நோயுற்றவை அழிக்கப்படுகின்றன. ஓடை வழியே ஊர்ந்து வரும் நண்டை மட்டும் அந்நிலையம் தடுக்க முடியாது. அதற்காகவே வனாமி வளர்ப்போர் குளத்தைச் சுற்றி நண்டுவேலி கட்டவேண்டுமென விதி வகுத்துள்ளனர்.