முல்லையும் மல்லிகையும்: மதுரை மண்ணில் இரு பூச்செடிகளின் வரலாறு

மதுரையின் மாலைப்பொழுதுக்கு ஒரு மணம் உண்டு. மாசி வீதிகளிலும் கோயில் வாயில்களிலும் பூக்கட்டும் பெண்டிர் விரித்து வைத்த கூடைகளிலிருந்து எழுவது அது. அம்மணத்தைப் பாட வந்த கவிஞருள் சிலர் அதனை முல்லை என்பர்; சிலர் மல்லிகை என்பர்; எதுகைக்கும் மோனைக்கும் எது இசையுமோ அதனை இட்டு அடியை நிரப்புவோரும் உளர். இரண்டும் ஒரே பூவுக்கு வழங்கும் இரு பெயர்கள் என்னும் எண்ணம் நாளடைவில் ஊறிவிட்டது. தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் அடக்குவது உண்மையே. ஆயினும் பிறந்த இடம், பூக்கும் பருவம், வேண்டும் உழைப்பு, தமிழர் வாழ்வில் பெற்ற பயன் ஆகிய நான்காலும் இவை வேறானவை. முல்லை மழைக்குக் காத்திருந்த காட்டுக்கொடி; மல்லிகை மனிதக் கைக்குக் காத்திருக்கும் தோட்டச்செடி. இவ்வேறுபாட்டை மறந்தால் பழம்பாட்டின் பொழுதும் பிழைபடும்; புதுப்பாட்டின் மண்ணும் பிழைபடும்.

காட்டில் பூத்த கொடி

தொல்காப்பியம் நிலத்தை வகுக்கும்போது காடும் காடு சார்ந்த இடமும் முல்லை எனப் பெயர் பெறுகின்றன. கார்காலம் அதன் பெரும்பொழுது. மாலை அதன் சிறுபொழுது. ஒரு பூவின் பெயரால் ஒரு நிலமும், அந்நிலத்து வாழ்வும், காத்திருத்தல் என்னும் ஒழுக்கமும் சுட்டப்பட்டன. இது தற்செயலான பெயரீடு அன்று. மழை வந்தால் தளிர்த்து மாலையில் அரும்பவிழும் கொடி காட்டில் கண்ணெதிரே நின்றது. போர்மேற் சென்ற தலைவன் கார் தொடங்குமுன் திரும்புவதாகச் சொல்லிப் போயிருந்தான். கொடி பூத்துவிட்டது, அவன் தேர் வரவில்லை. முல்லைத்திணையின் துயர் முழுவதும் இந்த இடைவெளியில் பிறக்கிறது.

பத்துப்பாட்டுள் அளவிற் சிறியது 103 அடிகளைக் கொண்ட முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. அதில் தலைவிக்காக முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி வழிபட்டு, நற்சொல் கேட்க நிற்கின்றனர். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஓர் ஆயமகளின் கதை வருகிறது. காதலன் சூடிவந்த முல்லைச்சரத்தை அவள் கூந்தலுள் மறைத்து முடிக்கிறாள். தாய் வெண்ணெய் பூசக் கூந்தலை அவிழ்க்கையில் அப்பூ பெற்றோர் முன்னிலையில் வீழ்ந்துவிடுகிறது. காதலை வெளிப்படுத்தும் சான்றாக ஒரு காட்டுப்பூ அமைந்த இடம் இது.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியைச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. அவனது பறம்புமலை இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பர். மதுரையிலிருந்து வடகிழக்கே ஒருநாட் பயணத்துக்குள் அடங்கும் மலை. தேரீந்த செயலை வள்ளன்மைக்குச் சான்றாகவே பலரும் எடுத்தாள்வர். அதனுள் ஒரு தாவர உண்மையும் உண்டு: முல்லை பற்றிப் படர்வது. கொழுகொம்பு இன்றேல் தரையில் துவண்டு கிடக்கும். அரசன் கண்டது அந்தத் துவட்சியை.

பாரியின் நண்பரான கபிலர், குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிய வரிசையில் முல்லை, தளவம், மௌவல், பித்திகம் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணினார். மணத்தாலும் வெண்மையாலும் நெருங்கிய உறவுடைய பூக்களையும் ஒன்றாக்காத கண் அது. மல்லிகை என்னும் பெயர் அவ்வரிசையில் இல்லை.

வையைக் கரைக்கு வந்த பெயர்

அப்பெயரைக் காண வையைக்கு வரவேண்டும். பரிபாடலின் பன்னிரண்டாம் பாடல் வையையின் புதுப்புனலைப் பாடுவது. அதில் மௌவல், சண்பகம் முதலிய மலர்களோடு மல்லிகையும் பெயர் பெறுகிறது. சிலப்பதிகாரக் காலத்தில் மல்லிகை நகர வாழ்வில் நன்கு பழகிய மலராகிவிட்டது.

நகரம் பூவை விலைக்கு வாங்குவது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்த மதுரையைக் காட்டுகிறது. நரைமூதாட்டியர் மணமலர் ஏந்தி மனைதோறும் திரிந்ததையும் சொல்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரியதாகக் கருதப்படும் நெடுநல்வாடையில், மழை மூட்டத்தால் ஞாயிறு தெரியாத நாளில், பூந்தட்டில் இட்ட பித்திக அரும்பு அவிழ்வதைக் கொண்டு மகளிர் மாலை வந்ததை அறிகின்றனர். காட்டில் பொழுதைக் காட்டிய பூ, நகரத்து வீட்டினுள் நாழிகைக் கருவியாக இடம்பெயர்ந்துவிட்டது. மல்லிகையின் பின்னைய வரலாறு முழுவதும் இந்நகரத்து வீட்டோடும் அங்காடியோடும் பிணைந்ததே.

மண்ணும் நீரும் கவாத்தும்

முல்லையைத் தாவர நூலார் ஜாஸ்மினம் ஆரிக்குலேட்டம் என்பர். இலையடியில் காதுமடல் போன்ற இரு சிற்றிலைகள் இருப்பதால் அமைந்த பெயர். தென்னிந்தியாவின் வறண்ட காடுகளில் தானே வளர்வது; சிறு கருங்கனி தந்து விதையாலும் பெருகக் கூடியது. மல்லிகைக்கு ஜாஸ்மினம் சம்பக் என்று பெயர். தனியிலை, தடித்த இதழ், பருத்த மொட்டு. தோட்டத்து மல்லிகை விதை வைப்பது மிக அரிது. வெட்டி நட்ட குச்சியாலும் பதியனாலும் மட்டுமே தலைமுறை தொடர்கிறது. ஒரு நூற்றாண்டுக் காலம் மனிதர் கைவிட்டால் முல்லை காட்டில் பிழைத்திருக்கும். மல்லிகை தோட்டங்கள் அழிந்துபோகும்.

மதுரை மல்லியின் நாற்றும் மதுரையில் பிறப்பதன்று. இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தின் மணற்பாங்கான நிலத்தில் வேர்பிடித்த குச்சிகளே திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம் வட்டாரங்களின் செம்மண் தோட்டங்களுக்கு வருகின்றன. கடற்கரை மணலில் வேர்விட்டு, சமவெளிச் செம்மண்ணில் மணம் பெறுவது இச்செடியின் வாழ்க்கை. இம்மண்ணோடு பிணைந்த சிறப்புக்காக மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இரண்டுக்கும் நீர் தேங்காத நிலமும் நல்ல வெயிலும் தேவை. வேறுபாடு அளவிலும் காலத்திலும் புலப்படும். வேளாண் பரிந்துரைப்படி மல்லிகைக்குச் செடிக்குச் செடி 1.25 மீட்டர் இடைவெளி போதும். படரும் இயல்புடைய முல்லைக்கு 1.5 மீட்டர் வேண்டும். மல்லிகையை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் விட்டுக் கவாத்து செய்வர். முல்லையைச் சனவரி இறுதியில் வெட்டுவர். கவாத்து, தொழுவுரம், முறையான கிணற்றுநீர் என மூன்றும் கிடைத்தால் மல்லிகை மார்ச்சில் அரும்பிக் கோடை முழுவதும் குவியும். முல்லை பின்தங்கித் தொடங்கி மழைக்காலத்தை நோக்கி நீளும். சங்கப் புலவர் காருக்கு உரியதாக முல்லையைக் கண்டதும், மதுரையின் சித்திரைத் திருவிழாவில் மல்லிகை மணப்பதும் இப்பருவ வேறுபாட்டின் வழிவந்தவையே.

மார்கழிப் பனியில் மல்லிகை ஒடுங்கிவிடும். அதனால்தான் தைப்பொங்கலை ஒட்டி மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அதன் விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கான ரூபாயாக உயர்கிறது. கோடையில் பூ குவியும்போது விலை சரிந்து, பறிகூலிக்கே போதாத நாள்களும் வருகின்றன.

நோய்களும் வேறு. மல்லிகையை மொட்டுப்புழுவும் செஞ்சிலந்தியும் வாட்டும். முல்லையின் பகை, இலையிலும் தண்டிலும் முடிச்சுகளை உண்டாக்கும் நுண்சிலந்தி. அதனைத் தாங்கி நிற்கும் ஒரு முல்லை வகையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டு, அதற்குப் பாரிமுல்லை எனப் பெயரிட்டது. பறம்பின் தலைவன் கொடிக்குத் தேரை ஈந்தான். பல நூற்றாண்டுகள் கழித்து ஆய்வுக்கழனி அக்கொடிக்கு அவன் பெயரை ஈந்தது.

பயனும் விலையும்

சூடுதல், தொடுத்தல், வழிபாடு என்னும் பயன்கள் இரண்டுக்கும் பொது. விளைச்சலைக் கொண்டு நோக்கின் முல்லையே முந்துகிறது. பரிந்துரை நூல்கள் ஒரு எக்டேருக்கு முல்லையில் பத்து டன்னளவும், மல்லிகையில் எட்டு முதல் ஒன்பது டன் வரையும் கணக்கிடுகின்றன. அவ்வாறாயின் மதுரைச் சமவெளியின் பெயர் மல்லிகையோடு ஒட்டியது ஏன்?

விடை மொட்டின் பருமனில் இருக்கிறது. முல்லை மொட்டு மெல்லியது, எடை குறைந்தது. ஒரு கிலோ சேர்க்க மிகுதியான மொட்டுகளைக் கிள்ள வேண்டும். மல்லிகை மொட்டு தடித்தது. காலையில் பறித்தால் மாலைவரை விரியாது நிற்கும். விரிந்தபின்னும் மணம் நீடிக்கும். தொலைவூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பத் தகுந்தது. சந்தை தேர்ந்தெடுத்த பண்புகள் இவை.

அத்தேர்வின் சுமையைச் சுமப்போர் பெரும்பாலும் பெண்கள். வெயில் ஏறுமுன் மொட்டைக் கிள்ளியாக வேண்டும். ஏறிவிட்டால் பூ வாடும், விலை வீழும். ஆதலின் விடியுமுன் தோட்டத்தில் இறங்குகின்றனர். இடுப்பில் கட்டிய மடியில் மொட்டு நிறைகிறது. கூலி எடைக்கு எடை. முல்லைப்பாட்டின் மகளிர் மாலைப்பொழுதில் காத்திருந்தனர். மல்லிகைத் தோட்டத்து மகளிருக்கு விடியலே பொழுது. இவ்விடியல் தமிழ்க் கவிதையில் இன்னும் போதிய இடம் பெறவில்லை.

மருத்துவப் பயன் ஒன்றும் கருதத்தக்கது. குழந்தையை இழந்த தாய்க்கோ, பால்குடி மறக்கச் செய்யும் தாய்க்கோ பால் கட்டிக்கொண்டால், மல்லிகையைத் தொடுத்து மார்பில் கட்டுவது தென்னாட்டு வழக்கம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இவ்வழக்கை ஆய்ந்து, பால் சுரப்பைக் குறைப்பதில் மருந்துக்கு நிகரான பயன் கண்டு 1988இல் வெளியிட்டனர். மணநாளில் கூந்தலில் ஏறும் அதே சரம், மகவிழந்த நாளில் மார்பில் கட்டப்படுகிறது. மங்கலப் பூ என்று மட்டும் மல்லிகையைப் பாடுவோர் இம்மற்றைய பக்கத்தையும் நினைக்க வேண்டும்.

கவிஞர் கடன்

முல்லை மதுரைச் சந்தையிலிருந்து மறைந்துவிடவில்லை. மல்லிகைக் குவியலுக்கு அருகே சிறு குவியலாக இன்றும் அது உண்டு. மறைந்து வருவது அதன் பொருள். முல்லை என்றவுடன் மழையும், மாலையும், வாராத தேரும் ஒருங்கே நினைவில் எழுந்த காலம் இருந்தது. இன்று அச்சொல் வெண்மைக்கும் பல்வரிசைக்கும் உவமையாகச் சுருங்கிவிட்டது. மல்லிகையோ இதற்கு மறுதலையான இழப்புக்கு ஆளானது. எண்ணற்ற பாடல்களில் மணக்கிறது. அதன் பின்னுள்ள குச்சியும் கவாத்தும் கிணறும் பறிப்போர் கையும் பாட்டில் தோன்றுவதில்லை.

பெயர்கள் இரண்டும் ஒன்றாகும்போது இரண்டு வரலாறுகளும் ஒருசேரத் தேய்கின்றன. கபிலர் நான்கு வெண்பூக்களை நான்காக எண்ணியதை அழகுக்கான அடுக்கு என்று மட்டும் கருதுவது குறையாகும். நிலத்தில் நடந்து, கொடியைத் தொட்டு, பொழுதை உற்று நோக்கியவரின் பதிவு அது. அந்த உற்றுநோக்கலே திணை மரபின் அடித்தளம்.

பத்தாண்டு கண்ட மல்லிகைத் தோட்டம் முதிர்ந்த தோட்டம். ஆண்டுதோறும் கத்தி பட்டதனால்தான் அது இன்னும் பூக்கிறது. வெட்டாது விட்ட செடி இலையாகத் தழைத்து மொட்டின்றி நிற்கும் என்பது உழவர் அறிந்தது. பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். பழகிய உவமைகளைக் கழித்து, மழையில் பூப்பது எது, கிணற்று நீரில் பூப்பது எது எனக் கண்டறிந்து எழுதும் கவிஞர் கையில் முல்லை மீண்டும் முல்லையாகும். மல்லிகை முதன்முறையாக முழு மல்லிகையாகும்.