மிகைச்சுமைக் கிளட்ச்

மிகைச்சுமைக் கிளட்ச் அல்லது முறுக்குவிசை வரம்பி என்பது, சுழல்தண்டொன்றின் முறுக்குவிசை குறித்த அளவைத் தாண்டும்போது வழுக்கியோ பிரிந்தோ பொறியுறுப்புகளைச் சேதத்திலிருந்து காக்கும் கருவி ஆகும். வாகனங்களில் ஓட்டுநர் மிதித்து இயக்கும் கிளட்ச் போலன்றி, இது தானாகவே செயற்படுகிறது.

தேவை

ஓடும் இயந்திரத்தில் ஏதேனும் சிக்கினால் மின்சாரத்தைத் துண்டிப்பது மட்டும் போதாது. மின்னோடியின் மிகைச்சுமை ரிலே செயற்படச் சில நொடிகள் ஆகலாம். அதற்குள் மின்னோடியின் சுழலும் பகுதியில் தேங்கியுள்ள இயக்க ஆற்றல் தண்டைத் தாக்கிவிடும். நிற்கும் நேரம் குறையக் குறைய முறுக்குவிசை கூடுவதால், பற்சக்கரத்தின் பற்கள் உடையலாம், தண்டு முறுகலாம். கிளட்ச் இச்சுழலும் நிறையைச் சுமையிலிருந்து பிரிக்கிறது. எனவே, சிக்கல் நேரக்கூடிய இடத்துக்கு இயன்றவரை அருகில் இது பொருத்தப்படுகிறது.

வகைகள்

* வெட்டுமுளை: மிகைச்சுமையில் முளை அறுந்து இணைப்பு விடுபடும். மலிவானது; ஒவ்வொரு முறையும் முளையை மாற்றவேண்டும்.
* உராய்வுத் தட்டு: சுருள்வில்லால் அழுத்தப்பட்ட தட்டுகள் வழுக்கும். நெடுநேரம் வழுக்கினால் சூடேறும். நெடுநாள் ஓடாதிருந்தால் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். எனவே உழவுக் கருவிகளில் பருவத் தொடக்கத்தில் வில்லைத் தளர்த்தி, சிறிது வழுக்கவிட்டு, மீண்டும் உரிய அளவுக்கு இறுக்குவர்.
* குண்டு வகை: வில் அழுத்தும் எஃகுக் குண்டுகள் குழிகளிலிருந்து வெளியேறும். ஒரு சுற்றில் ஒரேயொரு நிலையில் மட்டும் மீண்டும் இணையுமாறு அமைக்கலாம் என்பதால், பொதிகட்டும் இயந்திரங்களுக்கு ஏற்றது.

அளவைத் தீர்மானித்தல்

முறுக்குவிசை (நியூட்டன் மீட்டர்) = 9550 × திறன் (கிலோவாட்) ÷ நிமிடச் சுழற்சிகள்

எடுத்துக்காட்டாக, 1.5 கிலோவாட் மின்னோடி நிமிடத்துக்கு 1440 முறை சுழன்றால் முறுக்குவிசை ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். பற்சக்கரங்கள் வேகத்தை 40இல் ஒரு பங்காகக் குறைத்தால், உராய்வு இழப்பு நீங்கலாக, அது ஏறத்தாழ 400 ஆகும்.

கிளட்ச் விடுபடும் அளவு, தொடக்கத்திலும் வழக்கமான ஓட்டத்திலும் எழும் உச்ச முறுக்குவிசையைவிடக் கூடுதலாகவும், மிக நலிந்த உறுப்பின் தாங்குதிறனைவிடக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். அடிக்கடி விடுபடுகிறது என்று வில்லை அளவுமீறி இறுக்குவதும், வெட்டுமுளைக்குப் பதிலாக வலிய ஆணியைப் பொருத்துவதும் பாதுகாப்பை முற்றிலும் நீக்கிவிடும்; அடுத்த முறை உடைவது பற்சக்கரமாகவே இருக்கலாம்.

பயன்பாடுகள்

சுமைகடத்திப் பட்டைகள், உழவு இயந்திரத்தால் சுழற்றப்படும் கருவிகள், மின் திருப்புளிகள் முதலியவற்றில் இது பயன்படுகிறது. மின் திருப்புளியின் முகப்பிலுள்ள எண் வளையம் இவ்வளவை மாற்றுவதற்கே உள்ளது. எனினும், உழவு இயந்திரத் தண்டில் உள்ள கிளட்ச் ஆளைக் காக்காது. அது விடுபடுவதற்கு முன்பே உடலுக்குப் பெருந்தீங்கு நேர்ந்துவிடும். ஆகவே தண்டின் மேலுறை எப்போதும் இருத்தல் வேண்டும்.