புல்தரையோடு வந்த பூச்சி

கலிபோர்னியாவின் மில்பிடாஸ் 1954இல்தான் நகரமானது. அதற்கு முன்பு பழத்தோட்டங்களும் காய்கறி வயல்களுமாக இருந்த ஊர் அது. அடுத்த ஆண்டே ஃபோர்டு கார் தொழிற்சாலை வந்தது. தொழிலாளர்களுக்காக வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. வீட்டுக்கு வீடு முன்புறம் ஒரு புல்தரை.

அந்தப் புல்லைத் தேடி ஒரு சிறு அந்துப்பூச்சியும் வந்தது. கிராம்பஸ் என்று 1798இல் ஃபாப்ரிசியஸ் பெயரிட்ட பேரினமும் அதன் உறவினங்களும் கலிபோர்னியாப் புல்தரைகளின் பழைய குடிகள். அந்தி சாய்ந்ததும் இவை புல்லுக்கு மேலே வளைந்து வளைந்து பறந்தபடியே முட்டைகளை உதிர்க்கும். புழுக்கள் மண்ணை ஒட்டிப் பட்டுநூலால் குழல் கட்டிப் பகலில் பதுங்கியிருக்கும். இரவில் புல்லை அடியோடு கத்தரித்துத் தின்னும். புல்தரையில் அங்கங்கே பழுப்புத் திட்டுகள் தோன்றும். நம் கரும்பைக் கெடுக்கும் இடைக்கணுப் புழுவும், நெல்லைக் கெடுக்கும் இலைச்சுருட்டுப் புழுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

ஆனால் கரும்பும் நெல்லும் உழவரின் வாழ்வாதாரம். இங்கே பறிபோனது வெறும் பச்சை நிறம். அதற்காகத் தெளித்த மருந்துகளின் விலையோ மிகப் பெரிது.

டயசினான் அவற்றுள் ஒன்று. பறவைகள் செத்து விழுந்ததால், 1988இல் கோல்ஃப் மைதானங்களிலும் புல் வளர்ப்புப் பண்ணைகளிலும் அமெரிக்க அரசு அதற்குத் தடை விதித்தது. வீட்டுத் தோட்டங்களில் அதன் பயன்பாடு தொடர்ந்தது. மழைநீரோடு வடிந்த அந்த நஞ்சு, கயோட்டி ஓடை உட்பட சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் நகர்ப்புற ஓடைகளைக் கெடுத்தது. 2004 இறுதியில்தான் வீட்டுத் தோட்டத்துக்கான விற்பனை முற்றிலும் நின்றது.

பிறகு வறட்சி வந்தது. 2015இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க ஆணையிட்டார். புல்தரையை அகற்றி, வறட்சி தாங்கும் செடிகளை வைப்பவர்களுக்கு, மில்பிடாஸ் அமைந்துள்ள சான்டா கிளாரா பள்ளத்தாக்கின் நீர்வாரியம் பணம் தருகிறது.

மில்பிடாஸில் இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. வீட்டுப் புல்லில் பழுப்புத் திட்டைக் கண்டதும் பூச்சிமருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு கேலன் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைச் சிறிது கலந்து, ஒரு சதுர கெஜப் புல்லில் ஊற்றுங்கள். சுமார் 10 நிமிடத்தில் புழுக்கள் மேலே வரும். எண்ணிக்கை 15ஐத் தாண்டினால் மட்டுமே மருந்தைப் பற்றி யோசியுங்கள், அப்போதும் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா) போன்ற உயிரி மருந்துக்கே முதலிடம் கொடுங்கள்.